31-க்கும் 32-க்கும் நடுவே

இங்கிலாந்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில், ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்து 40 சொற்களை உரக்க வாசிக்கிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். 2012-இல் நாடு முழுவதும் தொடங்கிய இந்தச் சோதனைக்கு ஃபோனிக்ஸ் ஸ்கிரீனிங் செக், அதாவது எழுத்தை ஒலியாக்கி வாசிக்கும் திறனுக்கான சோதனை, என்று பெயர். 32 சொற்களைச் சரியாக வாசித்தால் பிள்ளை எதிர்பார்த்த நிலையை எட்டிவிட்டது. 31 என்றால் எட்டவில்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் உட்கார வேண்டும். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் இதன் முடிவு வீட்டுக்கு வருகிறது. நம் ஊரில் ஒரு மதிப்பெண்ணில் கட்-ஆஃப் தவறிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதை எந்தக் கண்ணோடு படிப்பார்கள் என்று சொல்லவே வேண்டியதில்லை.

முதலில், இந்தச் சோதனை எதை அளக்கிறது என்று பார்ப்போம். 40 சொற்களில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. பக்கத்தில் ஒரு விசித்திரப் பிராணியின் படம் இருக்கும். அந்தப் பிராணியின் பெயர் இது என்று பிள்ளையிடம் சொல்வார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். எழுத்துகளைக் கற்ற பிள்ளையிடம் 'கெளுவாணி' என்று எழுதிக் காட்டினால், அப்படி ஒன்று இல்லாவிட்டாலும் வாசித்துவிடும். ஆங்கிலத்தில் அது அவ்வளவு எளிதல்ல. ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகளும் சேர்ந்து 'காஃப்' என்ற சொல்லில் ஓர் ஒலி தருகின்றன, 'தோ' என்பதில் வேறொன்று, 'த்ரூ' என்பதில் இன்னொன்று. அதனால் பல பிள்ளைகள் சொற்களின் உருவத்தை மனப்பாடம் செய்துகொண்டு வாசிப்பதுபோல் தோற்றம் காட்டிவிடுகிறார்கள். இல்லாத சொல்லை யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாது. எழுத்தைப் பார்த்து ஒலியைக் கூட்டத் தெரிகிறதா என்பது மட்டும் அங்கே வெளிப்படும். கதை புரிகிறதா, சொல்வளம் இருக்கிறதா, பிள்ளை புத்திசாலியா என்பதற்கெல்லாம் இந்தத் தாளில் பதில் கிடையாது. குறுகிய கேள்வி, அதற்கேற்ற குறுகிய கருவி. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சிக்கல் 32 என்ற எண்ணில்தான் தொடங்குகிறது.

இவ்வகைச் சொற்களில் ஐந்துக்கு நான்கை வாசிக்கும் திறன் ஒரு பிள்ளைக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40-க்கு அது சரியாக 32. ஆனால் சராசரி 50 வைத்திருக்கும் பேட்ஸ்மேன் எல்லா இன்னிங்ஸிலும் 50 எடுப்பதில்லை. அன்றைக்கு அமைந்த சொற்கள், முந்தைய இரவின் தூக்கம், ஜன்னலுக்கு வெளியே கேட்ட சத்தம், எல்லாமே மதிப்பெண்ணில் புகுந்துவிடும். எளிய நிகழ்தகவுக் கணக்குப் போட்டால் இந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணுக்குத் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு) ஏறத்தாழ 2.5 வருகிறது. அதாவது அதே பிள்ளை, அதே திறனோடு, ஒரு நாள் 29 வாங்கலாம், இன்னொரு நாள் 35. பத்து முறை சோதித்தால் ஏறக்குறைய நான்கு முறை கோட்டுக்குக் கீழே நிற்கும். சற்றே பின்தங்கிய, நான்கில் மூன்று சொற்களை வாசிக்கும் பிள்ளையோ பத்தில் மூன்று முறை கோட்டைத் தாண்டிவிடும். 85 விழுக்காடு சொற்களை அறிந்த பிள்ளைகூட ஏழு முறைக்கு ஒரு முறை சறுக்கும். எல்லாச் சொற்களும் ஒரே கடினம் என்று கொண்டு போட்ட கணக்கு இது; உண்மைத் தாளில் எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது. 20 வாங்கிய பிள்ளைக்கு உதவி தேவை என்பதில் ஐயமில்லை. 30, 31, 33 வாங்கிய மூவரையும் இந்தத் தாளை மட்டும் வைத்து வேறுபடுத்த முடியாது. 'எட்டியது', 'எட்டவில்லை' என்ற இரண்டே சொற்களில் முடிவை எழுதும்போது, தாளில் இருந்த தகவலில் பெரும்பகுதியை நாமே தூக்கி எறிகிறோம்.

கோடு போட்டால் அளப்பவரின் கையும் அசைந்துவிடும். தொடக்க ஆண்டுகளின் முடிவுகளை, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எத்தனை பிள்ளைகள் என்று வரைபடமாகப் போட்டபோது ஒரு விநோதம் தெரிந்தது. 31-இல் பள்ளம், 32-இல் திடீரென்று ஒரு முகடு. பிள்ளைகளின் திறன் அப்படிப் படிக்கட்டு மாதிரி ஏறுவதில்லை. சோதிப்பவர் பிள்ளையின் சொந்த ஆசிரியர். 32 என்ற எண் அவருக்கு முன்கூட்டியே தெரியும். முணுமுணுப்பாக வந்த ஒரு சொல்லைச் சரி என்பதா தவறு என்பதா என்று அவர்தான் தீர்மானிக்கிறார். 31-இல் நிற்கும் பிள்ளைக்கு ஐயத்தின் பலனைக் கொடுக்காத ஆசிரியரை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இதை மோசடி என்று சொல்வது கடுமை. 2014 முதல் தேர்ச்சி மதிப்பெண்ணைச் சோதனை முடியும் வரை வெளியிடுவதில்லை, முகடும் தணிந்தது. ஆனால் அதன் பிறகும் ஆண்டுதோறும் அதே 32-தான் அறிவிக்கப்பட்டு வந்ததால், ஊகிப்பதற்குப் பெரிய அறிவு தேவைப்படவில்லை. 2012-இல் 58 விழுக்காட்டினர் நிலையை எட்டினார்கள். 2019-இல் 82 விழுக்காட்டினர். இதில் எவ்வளவு வாசிப்பின் வளர்ச்சி, எவ்வளவு சோதனைக்கு ஏற்ற பயிற்சி என்பதை இந்த எண்களே சொல்லிவிடாது.

அடுத்தது பிறந்த மாதம். அங்கே ஒரு வகுப்பு என்பது செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள். செப்டம்பர் பிள்ளையும் ஆகஸ்ட் பிள்ளையும் ஒரே அறையில், ஒரே வாரத்தில் சோதிக்கப்படுகிறார்கள். ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி. ஆறு வயதில் அது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. இரு சாராரின் தேர்ச்சி விழுக்காட்டுக்கும் இடையே பத்துப் புள்ளிகளுக்கு மேல் வேறுபாடு வருகிறது. வயது ஏற ஏற இந்த இடைவெளி சுருங்கும். ஆகவே ஆகஸ்டில் பிறந்து 29 வாங்கிய பிள்ளையை மெதுவாகக் கற்பவர் என்று முத்திரை குத்துவதற்கு முன் நாள்காட்டியைப் பார்ப்பது நல்லது.

சில பள்ளிகள் தனியார் தேர்வுகளையும் நடத்தி, வயதுக்கேற்பத் திருத்திய மதிப்பெண்ணைத் தருகின்றன. அவற்றில் பெரும்பாலும் 100 என்பது சராசரி, முழு மதிப்பெண் அல்ல. 85-க்கும் 115-க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். பெர்சன்டைல், அதாவது நூறு பேரில் எத்தனை பேர் இந்தப் பிள்ளைக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்ற எண், கொடுத்தால் இன்னும் கவனம் வேண்டும். 50-லிருந்து 60-க்குத் தாவுவது பெரிய முன்னேற்றம்போல் தெரியும். உண்மையில், 100-ஐச் சராசரியாகக் கொண்ட அந்த அளவில் அது நான்கு மதிப்பெண்கூட இல்லை. பிள்ளைகள் நடுவில்தான் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்பதால், ஒன்றிரண்டு விடைகளிலேயே பலரைத் தாண்டிவிடலாம்.

முதல் முறை மிகக் குறைவாக வாங்கிய பிள்ளைகளை மறுபடி சோதித்தால், எதுவுமே சொல்லித்தராமல் இருந்தாலும் சராசரி சற்று ஏறும். ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஒப்பிட்டு எழுதிய அதே சராசரி நோக்கிய பின்னடைவுதான் இது: ஒருமுறை மிகவும் விலகி நின்றது அடுத்த முறை சராசரிக்கு அருகே வரும். குறைவாக வாங்கியவர்களில் சிலர் அன்றைய துரதிர்ஷ்டத்தால் அங்கே விழுந்தவர்கள். துரதிர்ஷ்டம் தினமும் தொடராது. 28 வாங்கிய பிள்ளையை டியூஷனில் சேர்த்து அடுத்த முறை 31 வந்தால், டியூஷன் ஆசிரியர் பெருமைப்பட்டுக்கொள்வார். கொஞ்சம் அவருக்கும் உரியதாக இருக்கலாம்.

எண்ணை விடப் பயன்படும் ஒன்று ஆசிரியரிடமே இருக்கிறது: எந்தச் சொல் சரி, எந்தச் சொல் தவறு என்று வரிவரியாகக் குறித்த தாள். 29 வாங்கிய இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை, இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து ஓரொலி தரும் இடங்களில் எல்லாம் தடுமாறியிருக்கிறது. இன்னொரு பிள்ளை 'ஸ்ட்ரோம்' என்ற பொருளற்ற சொல்லைப் பார்த்ததும், தனக்குத் தெரிந்த 'ஸ்டார்ம்' என்று படித்துவிட்டது. மற்ற தவறுகளும் அதே மாதிரி. முதல் பிள்ளைக்கு அந்த எழுத்துச் சேர்க்கைகளைக் குறிவைத்துச் சொல்லித்தர வேண்டும். இரண்டாவது பிள்ளை ஏற்கெனவே புத்தகம் வாசிக்கும் பழக்கமுள்ளதாக இருக்கக்கூடும். எழுதியிருப்பதை அவசரப்படாமல் கடைசி எழுத்து வரை பார்க்கப் பழக்கினால் போதும். அந்தத் தாளைக் காட்டும்படி பள்ளியில் கேளுங்கள்.