ரெண்டு சர்வர், ஒரே ஐபி: விர்ச்சுவல் ஐபி எப்படி கை மாறுது

திருவொத்தியூர், மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுல வேலை பாக்கறவங்களுக்கு இத சொல்லவே வேணாம், கேட்ல என்ட்ரி போடுற சாஃப்ட்வேர் கொஞ்ச நேரம் நின்னாலே போதும், வெளிய டிரெய்லருங்க லைன் கட்டிடும், டிரைவர் இறங்கி வந்து "இன்னா சார், சிஸ்டம் இன்னும் வரலியா"ன்னு ஜன்னல்ல நிப்பாரு. அதனாலதான் இந்த மாதிரி எடத்துல சர்வர் ரெண்டா வைக்கணும்னு சொல்றோம். ஆனா ரெண்டு வாங்கி வெச்சா மட்டும் ஆச்சா? கேட்ல இருக்கற கம்ப்யூட்டருக்கு தெரிஞ்சது ஒரே ஒரு அட்ரஸ், அந்த சர்வர் படுத்தா ஒவ்வொரு கம்ப்யூட்டரா போய் அட்ரஸ் மாத்தறதுக்குள்ள லைன் எண்ணூர் வரைக்கும் போயிடும். இதுக்குத்தான் விர்ச்சுவல் ஐபி, அதாவது ஒரு மெஷின்லேந்து இன்னொண்ணுக்கு கை மாறுற நெட்வொர்க் அட்ரஸ்.

கேட் செக்யூரிட்டி ரூம்ல ஒரு டூட்டி போன் இருக்கும்ல, நம்பர் ஒண்ணு, எந்த ஷிஃப்டுல யார் இருக்காங்களோ அவங்க எடுப்பாங்க, கூப்பிடுறவருக்கு ஆள் மாறுனது தெரியவே தேவையில்ல. அதே கதைதான். முதல் சர்வருக்கு சொந்தமா 192.168.10.11, ரெண்டாவதுக்கு 192.168.10.12, இது ரெண்டும் மாறாது. மூணாவதா 192.168.10.50ன்னு ஒண்ணு, அது யாருக்கும் சொந்தம் இல்ல, யார் டூட்டியோ அவங்க கிட்ட இருக்கும். எல்லா கம்ப்யூட்டர்லயும் .50 மட்டும் குடுத்தா போதும்.

சரி, ஒரு அட்ரஸ் ஒரு மெஷின்லேந்து இன்னொண்ணுக்கு எப்படி போகுது? ஒரே லேன்குள்ள, அதாவது ஒரே எடத்து நெட்வொர்க்குள்ள, டேட்டா பாக்கெட் போய் சேர்றது ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் இருக்கற மேக் அட்ரஸ வெச்சுதான். ஒரு கம்ப்யூட்டர் ".50 யாருது"ன்னு லேன் முழுக்க கேக்கும், வெச்சிருக்கறவன் "என்னோடது, என் மேக் இது"ன்னு பதில் சொல்லுவான், கேட்டவன் அத கொஞ்ச நேரம் ஞாபகம் வெச்சுக்குவான். இதுக்கு பேரு ஏஆர்பி, 1982லயே எழுதுன முறை, இன்னிக்கும் அதேதான் ஓடுது. இங்க சிக்கல் அந்த ஞாபகம்தான். சில ரவுட்டர்ல, உதாரணமா சிஸ்கோல, டீஃபால்ட்டா 4 மணி நேரம் வெச்சிருக்கும், அதுக்குள்ள .50 ரெண்டாவது சர்வருக்கு போயிட்டா ரவுட்டர் பாட்டுக்கு செத்த மெஷினுக்கே பாக்கெட் அனுப்பிட்டு இருக்கும். அதனால புதுசா அட்ரஸ எடுத்தவன் யாரும் கேக்காமலே "இனிமே .50 என் கிட்ட"ன்னு லேன் முழுக்க கத்துவான், இதுதான் கிராஜுவிட்டஸ் ஏஆர்பி. லினக்ஸ்ல இந்த ஐபிய கை மாத்தறதுக்கு நாம போடுற சாஃப்ட்வேர் கீப்அலைவ்டி, அது அட்ரஸ எடுத்த உடனே 5 தடவ சொல்லும், 5 செகண்ட் கழிச்சு திரும்ப 5 தடவ சொல்லும், ஏன்னா முதல் தடவ சுவிட்ச் சரியா எழுந்திருக்காம கூட இருக்கலாம்.

என்னைக் கேட்டா ஐபி தாவுறதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. எதிர்ல இருக்கறவன் போயிட்டான்னு எப்படி முடிவு பண்றது, எல்லா பிரச்சனையும் அங்கதான் இருக்கு.

அதுக்கு வந்த முறைதான் விஆர்ஆர்பி, 1998ல முதல் தடவ எழுதுனாங்க, கீப்அலைவ்டியும் இத வெச்சுதான் ஓடுது. டூட்டியில இருக்கற மாஸ்டர் 1 செகண்டுக்கு ஒரு தடவ 224.0.0.18ங்கற மல்டிகாஸ்ட் அட்ரஸுக்கு (ஒரு குரூப்ல இருக்கற எல்லாருக்கும் ஒரே நேரத்துல போற அட்ரஸ்) "இருக்கேன்"னு சொல்லிட்டே இருக்கும், பேக்கப் பேசாம கேட்டுட்டு இருக்கும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிரையாரிட்டி குடுப்போம், மாஸ்டருக்கு 150, பேக்கப்புக்கு 100ன்னு வெச்சுக்குங்க. குரல் நின்னா பேக்கப் உடனே பாயாது, 3 தடவ மிஸ் ஆகற வரைக்கும் காத்திருக்கும், அதுக்கு மேல 256லேந்து தன் பிரையாரிட்டிய கழிச்சு 256ஆல வகுத்த நேரம், அதாவது 100க்கு கிட்டத்தட்ட 0.6 செகண்ட், ஆக மொத்தம் 3.6. அந்த சின்ன பாக்கி எதுக்குன்னா பேக்கப் மூணு நாலு இருந்தா எல்லாரும் ஒரே நேரத்துல குதிக்கக்கூடாது, பிரையாரிட்டி கூட இருக்கறவன் முன்னாடி எழுந்திருக்கணும்.

இதுல ஃபயர்வால்ல நிறைய பேர் 112ங்கறத போர்ட் நம்பர்னு, அதாவது மெஷின்குள்ள எந்த சாஃப்ட்வேருக்குன்னு காட்டுற கதவு நம்பர்னு, நெனச்சு தொறப்பாங்க. அது போர்ட் இல்ல, டிசிபி யுடிபி மாதிரி விஆர்ஆர்பி தனி புரோட்டோகால், அதோட நம்பர்தான் 112. அத தொறக்கலன்னா பேக்கப்புக்கு மாஸ்டர் குரல் கேக்காது, மாஸ்டர் நல்லா ஓடிட்டு இருக்கும்போதே பேக்கப்பும் .50ய எடுத்துக்கும், ரெண்டு பேரும் நான்தான்னு சொல்லுவாங்க. இதத்தான் ஸ்பிளிட் பிரெய்ன்னு சொல்றது. வெறும் வெப் பேஜ் காட்டுற சர்வர்னா இதுல பெரிய நஷ்டம் இல்ல, ஆனா டேட்டாபேஸ்னா பயப்படணும், ஒரே கன்டெய்னருக்கு ரெண்டு பக்கமும் வேற வேற என்ட்ரி விழும், அப்புறம் எது உண்மைன்னு யாராலயும் பிரிக்க முடியாது. யார் மாஸ்டர்னு மெஷினுங்க ஓட்டு போட்டு முடிவு பண்றதெல்லாம் விஆர்ஆர்பில கிடையாது. டேட்டாபேஸுக்கு பேஸ்மேக்கர், கோரோசிங்க் மாதிரி கிளஸ்டர் சாஃப்ட்வேர் போட்டு, மூணாவதா ஒரு மெஷினோட ஓட்டும் வெச்சு, சந்தேகம் வந்தா எதிராளியோட பவரையே கட் பண்ணிட்டு அப்புறம் எடுக்கற முறைதான் சரி. ஐபி தாவுனா டேட்டாவும் கூடவே தாவாது, அத காப்பி பண்ற வேலை தனி.

அடுத்தது, மெஷின் உயிரோட இருக்கறதும் சாஃப்ட்வேர் வேலை செய்யறதும் வேற வேற. மெஷின் ஓடும், விஆர்ஆர்பி "இருக்கேன்"னு சொல்லும், உள்ள வெப் சர்வர் தொங்கிட்டு இருக்கும். அதனால ஒரு செக் ஸ்கிரிப்ட் கட்டாயம் வேணும், ஃபெயில் ஆனா பிரையாரிட்டி குறையற மாதிரி. இங்க கணக்கு பாக்கணும், 150லேந்து 30 கொறச்சா 120, பேக்கப்போட 100ஐ விட இன்னும் கூடத்தான் இருக்கு, அப்ப ஒண்ணுமே மாறாது. 60 கொறச்சாதான் 90க்கு எறங்கி வேலை நடக்கும்.

நம்ம ஏரியாவுக்குன்னு ஒண்ணு இருக்கு, காசிமேட்டுலேந்து எண்ணூர் வரைக்கும் உப்புக்காத்து, கனெக்டர் எல்லாம் அரிச்சு லிங்க் போய் போய் வரும். டீஃபால்ட்டா பழைய மாஸ்டர் திரும்பி வந்த உடனே .50ய புடுங்கிக்கும், திரும்ப போகும், திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் ஓடிட்டு இருந்த கனெக்ஷன் எல்லாம் அறுந்துடும். இதுக்கு நோபிரீயெம்ப்ட்னு ஒரு செட்டிங், போட்டா வந்தவன் அமைதியா பேக்கப்பா உக்காருவான். ஆனா அது வேலை செய்யணும்னா ரெண்டு பக்கமும் ஆரம்ப நிலை பேக்கப்னுதான் குடுக்கணும், அதோட மேல சொன்ன பிரையாரிட்டி கொறைக்கற வழி இதுகூட சேராது, ஸ்கிரிப்ட்டுக்கு வெயிட்ட (ஃபெயில் ஆனா பிரையாரிட்டில எவ்வளவு கொறைக்கணும்ங்கற எண்) 0ன்னு விட்டா ஃபெயில் ஆனவன் ஃபால்ட் நிலைக்கு போய் தானே விலகிடுவான்.

ரெண்டு சர்வரும் ஒரே லேன்ல இருக்கணும்ங்கறதால பெரும்பாலும் ஒரே பில்டிங்லதான் இருக்கும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்ப மாதிரி தண்ணி உள்ள வந்தா விர்ச்சுவல் ஐபி காப்பாத்தாது. ஒரே யுபிஎஸ்ல ரெண்டையும் சொருகி இருந்தாலும் அதே கதிதான்.

டெஸ்ட் பண்ணும்போது சர்வீஸ ஸ்டாப் பண்ணி மட்டும் பாக்காதீங்க, அப்படி நிறுத்துனா மாஸ்டர் போறதுக்கு முன்னாடி பிரையாரிட்டி 0ன்னு, அதாவது நான் விலகறேன்னு, சொல்லிட்டு போகும், பேக்கப் அந்த 3 மிஸ்ஸுக்கு காத்திருக்காம 0.6 செகண்ட்லயே எடுத்துரும், பாக்க அழகா இருக்கும். பவர் கேபிள புடுங்கிப் பாருங்க, ஃபயர்வால்ல 112ஐ அடச்சும் பாருங்க. பதில் வருதான்னு பாக்கற பிங் கமாண்ட பக்கத்து சீட்டுலேந்து போடாம ரவுட்டருக்கு அந்தப்பக்கம் இருக்கற மெஷின்லேந்து போடுங்க, பழைய மேக்க விடாம புடிச்சுட்டு இருக்கறது பெரும்பாலும் அந்த ரவுட்டர்தான்.