உக்குளான் மான் இல்லை

இலங்கையின் வடக்கே, வன்னியில் இந்தச் சிறு காட்டு விலங்கை உக்குளான் என்போம், புத்தகங்களில் சருகுமான். உதிர்ந்த பழங்களைத் தேடித் தின்னும். எடை சுமார் 3 கிலோ, உடம்பில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும். பார்த்தால் மான்குட்டி மாதிரித்தான், ஆனால் மான் குடும்பத்தில் இது சேராது.

புள்ளிமானிலும் மரையிலும் ஆணுக்குக் கொம்பு உண்டு. உக்குளானில் ஆணுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை. கொம்புக்குப் பதிலாக ஆணின் மேல்தாடையில் இரண்டு கோரைப்பற்கள் கீழ்நோக்கி நீண்டிருக்கும். வயிற்றைப் பாருங்கள், இன்னும் சுவாரசியம். மாடு, ஆடு, மான் எல்லாவற்றுக்கும் இரைப்பையில் நான்கு அறைகள். உக்குளானும் அசைபோடும், ஆனால் மூன்றாவது அறை அதற்குச் சரியாக வளரவே இல்லை. பக்கவிரல்களும் மானுக்குப் போலத் தேய்ந்துபோகாமல் எலும்போடு முழுதாக இருக்கின்றன. அசைபோடும் விலங்குகளின் வம்சத்தில் மிகப் பழைய காலத்திலேயே பிரிந்த கிளை இது. ட்ரகுலிடே என்ற அந்தக் குடும்பத்தின் மற்ற உறவுகள் தென்கிழக்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்கின்றன.

1777இல் ஜெர்மானியரான எர்க்ஸ்லேபன் இதற்கு மொஸ்கஸ் மெமின்னா என்று பெயர் வைத்தார். மொஸ்கஸ் என்பது கஸ்தூரிமானின் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுதியின் பெயர். கஸ்தூரிமானுக்கும் கொம்பில்லை, நீண்ட பல் உண்டு. அதனால் அப்படிச் சேர்த்தது நியாயமாகவே படுகிறது. ஆனால் தோற்றம் ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. 1843இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹொட்சன் இதற்கென்று மொஸ்கியோலா என்ற புதுப் பேரினத்தை அமைத்தார். பேரினம் மாறினாலும், சிங்களப் பெயரிலிருந்து வந்த மெமின்னா அப்படியே நிற்கும், அதுதான் விதி. இன்று எர்க்ஸ்லேபனின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். அவர் முதலில் வேறு பேரினத்தில் வைத்தார் என்பதை அந்த அடைப்புக்குறியே சொல்லிவிடும்.

அப்புறம் 2005இல் குரோவ்ஸ், மெய்யார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாகக் கருதப்பட்ட இந்த இனத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பிரித்தால் பழைய பெயர் யாருக்கு? முதலில் எந்த விலங்கை விவரித்து வைத்தார்களோ, அதற்குத்தான். எர்க்ஸ்லேபன் பெயர் வைத்தது இலங்கை விலங்குக்கு. அதனால் இந்திய உக்குளானுக்கு, ஆங்கிலேய விலங்கியலாளர் கிரே 1852இல் சூட்டிய இண்டிகா என்ற பெயர் திரும்ப வந்தது. இலங்கையின் ஈரவலயத்தில் மஞ்சள் கோடுகளோடு திரிவதற்குக் கத்திக்ரே என்று புதுப்பெயர். நம் உலர்வலய உக்குளான் மொஸ்கியோலா மெமின்னாவாகவே இருந்துவிட்டது.

முன்பு, இந்தியக் காடுகள் முழுக்க இருக்கும் விலங்குதானே என்று விட்டிருக்கலாம். இப்போது மெமின்னா இலங்கைக்கு மட்டுமே உரிய இனம். வன்னிக் காட்டில் கண்ணி வைத்து இதை அழித்தால், அந்த இழப்பை ஈடுசெய்ய இந்தியாவில் இந்த இனம் கிடையாது.