‘யார்மீதும் சந்தேகம் இல்லை’ என்று எழுதிக் கொடுக்கும் முன்

கம்பெனிக் கணக்கைச் சுற்றி நடக்கும் கொலை என்றால் பலருக்கும் த்ரில்லர் படம்தான் நினைவுக்கு வரும். நாகர்கோவிலில் கிரிமினல் வழக்கு நடத்தும் எனக்கு ஒரு புகார் மனுதான் நினைவுக்கு வருகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் தம்பியோடு வந்தார். கணவர் விளவங்கோடு பக்கம் ஒரு நிதி நிறுவனத்தில் கணக்கர். குளத்தில் பிணமாகக் கிடந்தார். முந்தைய வாரம்தான், “ரெண்டு கணக்கு வச்சிருக்காங்க, என்னையும் கையெழுத்துப் போடச் சொல்றாங்க” என்று வீட்டில் புலம்பியிருக்கிறார். ஆனால் புகாரை எழுதியது கம்பெனி மேனேஜர். “குளிக்கப் போனவர் தவறி விழுந்து இறந்துவிட்டார். எங்களுக்கு யார்மீதும் சந்தேகம் இல்லை.” கீழே அந்தப் பெண்ணின் கையெழுத்து.

“சாரே, சவப்பெட்டி முதற்கொண்டு அவங்கதான் ஏற்பாடு பண்ணுனாங்க. அந்த நேரத்துல யாரைப் போய் சந்தேகப்படுவோம்?” என்றார் தம்பி. அவர் போனில் கரையில் எடுத்த ஒரு படம் இருந்தது. இறந்தவர் காலில் ஷூ, இடுப்பில் பெல்ட். குளிக்கப் போகிறவர் ஷூவோடு போவாரா? அந்தப் படத்தை அன்றைக்கே யாரும் உற்றுப் பார்க்கவில்லையே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

பிரேதப் பரிசோதனை நடந்திருந்தது. ஆனால் தவறி விழுந்தது என்றே குறிப்பு போனதால், டயாட்டம் சோதனைக்கு எதுவும் எடுக்கவில்லை. உயிரோடு மூழ்குகிறவர் தண்ணீரை உள்ளே இழுக்கும்போது, அதிலுள்ள டயாட்டம் என்ற நுண்பாசிகள் ரத்தத்தோடு எலும்பு மஜ்ஜைவரை போய்விடும். கொன்ற பிறகு தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் அங்கே போய்ச் சேராது. மஜ்ஜையையும் அதே குளத்துத் தண்ணீரையும் ஆய்வகத்தில் ஒப்பிடுவார்கள். இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாதுதான். ஆனாலும் குளத்துக்கும் சானல் என்கிற பாசனக் கால்வாய்க்கும் பஞ்சமில்லாத நம் மாவட்டத்தில் குடும்பத்தார் வாய்திறந்து கேட்க வேண்டிய சோதனை இது.

சந்தேக மரணத்தை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவில் விசாரித்தார்கள். 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) அது 194-ஆவது பிரிவு. அந்த விசாரணையில் சந்தேகத்தைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சந்தேகம் என்பது யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை, விசாரிக்கச் சொல்வதுதான். வேறு யாரோ எழுதியதில் கையெழுத்து போடாதீர்கள். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அப்புறம் மாஜிஸ்திரேட் இருக்கிறார்.

உடலைத் தகனம் செய்ய அவசரப்படாதீர்கள். இந்தக் குடும்பம் சர்ச் கல்லறையில் அடக்கம் செய்திருந்ததால் தோண்டி எடுத்துப் பரிசோதிக்கக் கேட்க வழி இருந்தது. எரித்திருந்தால் அத்தோடு போச்சு. அப்புறம் இறந்தவருடைய போன். “ஆபீஸ் நம்பர்” என்று சொல்லிக் கம்பெனிக்காரர்கள் அன்றைக்கே வாங்கிப் போய், எல்லாம் அழித்துத் திருப்பித் தந்தார்கள். போனை போலீஸிடம் மட்டும் ஒப்படையுங்கள், எழுதி வாங்கிக்கொண்டு.

கலப்பட பெட்ரோல் பங்க் ஒன்றுக்கு சீல் வைத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், 2005 நவம்பர் 19 அன்று உத்தரப்பிரதேசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் காரிலேயே உடலைக் கொண்டுபோன பங்க் ஊழியர்கள் கையோடு பிடிபட்டார்கள். அப்படியும் ஆயுள் தண்டனையை உச்சநீதிமன்றம் உறுதி செய்ய 2015 ஆகிவிட்டது. முறைகேட்டை வெளியே சொல்பவர்களைக் காக்க 2014-இல் கொண்டுவந்த சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசுத் துறை முறைகேடுகளுக்கு மட்டும். தனியார் கம்பெனிக் கணக்கருக்கு அதில் இடமே இல்லை.

அதனால், “கையெழுத்துப் போடச் சொல்றாங்க” என்று வீட்டில் யாராவது சொன்னால் தேதி போட்டு எழுதி வையுங்கள். அந்தப் பெண்ணிடம் மிஞ்சியிருந்தது, பால் கணக்கு எழுதும் காலண்டரில் கணவர் வட்டமிட்டுப் பக்கத்திலேயே ‘கையெழுத்து’ என்று குறித்திருந்த இரண்டு தேதிகள். அந்தத் தாளையும் ஷூ தெரியும் படத்தையும் சேர்த்துத்தான் மனு போட்டோம்.