செல் லைன்: வரிசையா, வழியா?

உயிரியல் ஆய்வில் வரும் 'செல் லைன்' (cell line) என்பதைப் பலரும் 'செல் வரிசை' என்று எழுதுகிறார்கள். படித்ததும் உயிரணுக்கள் அணிவகுத்து நிற்பதுபோல ஒரு படம் மனதில் விழுகிறது. அந்தப் படம் தவறு.

லத்தீனில் 'லீனியா' என்றால் ஆளிநார் நூல். நூலுக்கான சொல் கோட்டுக்கு ஆகி, அப்புறம் பரம்பரைக்கும் ஆயிற்று. 'அம்மா வழிச் சொந்தம்' என்கிறோமே, அந்த 'வழி'தான் இங்கே 'லைன்'. ஆய்வகத் தட்டில் ஓர் உயிரணு இரண்டாகி, இரண்டு நான்காகித் தலைமுறைகளாகத் தொடரும் கூட்டமே செல் லைன்.

எடுத்துக்காட்டாக, சி.ஆர்.எஃப். ஏற்பியை எடுத்துக்கொள்வோம். ஏற்பி என்பது, வெளியிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருளைப் பிடித்து உயிரணுவுக்குள் செய்தி சொல்லும் புரதம். சி.ஆர்.எஃப். என்பது மன அழுத்தத்தின்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சுரக்கும், 41 அமினோ அமிலங்கள் கொண்ட நரம்புப் பெப்டைடு. 1981இல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் வைலி வேல் குழுவினர் செம்மறியாட்டு ஹைப்போதலாமஸிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் ஏற்பியில் அது பொருந்தியதும், கார்டிசோல் என்னும் மன அழுத்த ஹார்மோன் வரை போகும் சங்கிலி தொடங்குகிறது. மூளைக்குள் அந்த ஏற்பியைத் தனியாகப் பிடித்துப் பார்ப்பது கடினம். அதனால் அதன் மரபணுவை எச்.இ.கே. 293 போன்ற உயிரணுக்களில் புகுத்துகிறார்கள். மனிதக் கருவின் சிறுநீரக உயிரணுவிலிருந்து 1973இல் நெதர்லாந்தின் லைடனில் உருவானவை இவை. 293 என்பது அவற்றை உருவாக்கிய ஃபிராங்க் கிரகாமின் சோதனை எண்.

புகுத்திய மரபணு உயிரணுவின் சொந்த டி.என்.ஏ.வோடு சேராவிட்டால் சில நாட்களில் காணாமல் போகும். சேர்ந்துவிட்டால் மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி எல்லாவற்றுக்கும் சொத்தாக இறங்கும். சேர்ந்ததைக் கண்டுபிடிக்க, கூடவே உயிரணுவைக் கொல்லும் ஒரு மருந்தைத் தாங்கும் மரபணுவையும் வைத்துவிட்டு, அந்த மருந்தை ஊற்றுவார்கள்; சேராதவை இறந்துபோகும். பிழைத்தவற்றில் ஒன்றைத் தனியே வளர்த்தால் அதன் சந்ததி முழுவதும் ஏற்பியோடு பிறக்கும். சி.ஆர்.எஃப். பட்டதும் உள்ளே செய்தியைக் கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறின் அளவு ஏறுகிறதா, புதிய மருந்து அதைத் தடுக்கிறதா என்று பிறகு அளக்கலாம். பாட்டியிடமிருந்து பேத்திக்கு இறங்கும் இந்தச் சொத்துதான் சொல்லின் உயிர். 'வரிசை'யில் அது இல்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'செல்வழி' சுருக்கமானதுதான். ஆனால் 'செல்' நமக்குப் 'போ' என்னும் வினை; செல்லும் வழி என்றே படிப்போம். இலங்கைப் பாடநூல்கள் 'கலம்' என்கின்றன. தமிழ்நாட்டில் 'செல்', 'உயிரணு' இரண்டும் உண்டு. சந்ததிக்குக் 'கால்வழி' என்ற நல்ல சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. என் தேர்வு 'உயிரணுக் கால்வழி'. மரபணு புகுத்தியதென்றால் 'ஏற்பி புகுத்திய உயிரணுக் கால்வழி'. முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'கால்வழி' என்றாலே போதும்.