வலி மாத்திரைக்கு முழங்கால் எது என்று தெரியாது

முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டால் வயிறு ஏன் புண்ணாகிறது? "சாப்பிடாமல் போட்டிருப்பாய், அதான்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்கு எரிச்சலும் குமட்டலும் கூடும். ஆனால் புண்ணுக்கு முக்கியக் காரணம் அது இல்லை. இதே மருந்தை ஊசியாகப் போட்டாலும், ஆசனவாய் வழியாக வைத்தாலும் இரைப்பையில் புண் வரலாம். இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரையும்படி மேல்பூச்சு பூசிய மாத்திரைகளாலும் வரும். மருந்து வயிற்றைத் தொட்டதால் வந்த வினை அல்ல இது; ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போனதால் வந்தது.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென், நாப்ராக்சன், இண்டோமெதசின், எட்டோரிகாக்சிப் என்று பெயர்கள் பல. ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிகள் என்று இவற்றுக்கு வகைப்பெயர். மூட்டுவலிக்காரர்கள் வருடக்கணக்கில் விழுங்குவது இவற்றைத்தான். இவை எதைச் செய்து வலியைக் குறைக்கின்றனவோ, அதையே செய்துதான் கெடுதலையும் உண்டாக்குகின்றன. அது என்ன என்று பிடிபட்டுவிட்டால், 'இதோடு அதைச் சேர்க்காதே' என்று மருத்துவர் சொல்வதை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் ஏன் என்று தானாகவே விளங்கும்.

உயிரணுக்களின் சவ்வில் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது. மூட்டு தேய்ந்தோ, உடம்பின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கியோ அங்கே பாதிப்பு ஏற்படும்போது, அந்த அமிலம் சவ்விலிருந்து விடுபடுகிறது. சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி அதைப் பிடித்து மாற்றத் தொடங்க, கடைசியில் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற பொருள்கள் உருவாகின்றன. நொதியின் பெயர் வாயில் நுழையாது. எல்லோரும் சொல்வதுபோல் காக்ஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்தப் புரோஸ்டாகிளாண்டின்கள் ரத்தக் குழாய்களை விரிக்கும். மூட்டு சிவந்து சூடாகும், நீர் கோத்து வீங்கும். அதைவிட முக்கியம், நரம்பு முனைகளை இவை கூருணர்வோடு வைத்துவிடும். சாதாரண நாளில் படி ஏறும்போது கண்டுகொள்ளாத அழுத்தம், வீங்கிய முழங்காலில் உயிர் போகிற வலியாகத் தெரிவது இதனால்தான். ஆஸ்பிரினும் அதைப் போன்ற மருந்துகளும் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத்தான் நிறுத்துகின்றன என்று பிரிட்டனின் ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது 1899-இல். எப்படி வேலை செய்கிறது என்றே தெரியாமல் எழுபது வருடம் உலகம் அதை விழுங்கியிருக்கிறது!

சரி, புரோஸ்டாகிளாண்டின் வெறும் வலி கொடுக்கும் பொருள் என்றால் பிரச்சினையே இல்லை. ஆனால் அதற்கு மூட்டுக்கு வெளியே நிறைய நல்ல வேலை இருக்கிறது. இரைப்பை சுரக்கும் அமிலம் அதன் சுவரையே அரித்துவிடாமல் இருக்க, கோழைப் படலம் ஒன்று உட்புறத்தை மூடியிருக்கிறது. அந்தப் படலம் சுரக்கவும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் வெளிவரவும், சுவருக்கு ரத்தம் நன்றாக ஓடவும் புரோஸ்டாகிளாண்டின் வேண்டும். மாத்திரைக்கு முழங்கால் எது, இரைப்பை எது என்று தெரியாது. போகிற இடமெல்லாம் காக்ஸை அடைக்கிறது. மூட்டில் வலி குறைகிறது. இரைப்பையில் காப்பு குறைகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போட்டிருப்பது வலி மாத்திரை என்பதால் புண்ணின் வலியையும் அதுவே மறைத்துவிடலாம். எரிச்சல் எதுவும் இல்லாமல், ரத்தக் கசிவுதான் முதல் அறிகுறியாக வருவது உண்டு. மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுவென்று, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு போனால் அது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும்தான். ஆனால் வலி மாத்திரை சாப்பிடுகிறவர் அப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரணம் தெரியாத களைப்பும் மூச்சிரைப்பும் மெதுவான கசிவால் வந்த ரத்தசோகையாக இருக்கலாம்.

65 வயதைத் தாண்டியவர்கள், முன்பு புண் வந்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ எடுப்பவர்கள், மது அருந்துபவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். சில மனச்சோர்வு மருந்துகளும் கசிவைக் கூட்டும். இவர்களுக்கு ஒமிப்ரசோல், பாண்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சேர்த்து எழுதுவது வெறும் சம்பிரதாயம் இல்லை, உண்மையிலேயே புண்ணைத் தடுக்கிறது. ஆனால் அது இரைப்பைக்கும் அதை அடுத்த முன்குடலுக்கும் மட்டும்தான். அமிலமே இல்லாத சிறுகுடலின் கீழ்ப்பகுதியில் புண் வந்தால் அது ஒன்றும் செய்யாது. 'கேஸ் மாத்திரை போட்டாச்சு, இனி எத்தனை வலி மாத்திரையும் போடலாம்' என்ற தைரியம் அதனால்தான் தவறு.

காக்ஸில் இரண்டு வகை இருப்பது 1990-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. காக்ஸ்-1 எப்போதும் இருந்து அன்றாட வேலையைப் பார்க்கிறது, காக்ஸ்-2 அழற்சியின்போது பெருமளவில் உருவாகிறது. அப்படியானால் இரண்டாவதை மட்டும் அடைக்கும் மருந்து கிடைத்தால் வலியும் போகும், வயிறும் பிழைக்கும் அல்லவா? அந்தக் கணக்கில் வந்தவைதான் செலிகாக்சிப், ரோஃபிகாக்சிப் போன்றவை. இரைப்பைப் புண் குறையவும் செய்தது. ஆனால் 2004 செப்டம்பரில் ரோஃபிகாக்சிப்பைத் தயாரித்த நிறுவனமே உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றது. பெருங்குடல் கட்டிகளைத் தடுக்குமா என்று பார்க்க நடந்த சோதனையில், பதினெட்டு மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக இருந்தது தெரிந்துவிட்டது.

எங்கே தப்பு நடந்தது? ரத்தத் தட்டணுக்கள் காக்ஸ்-1 மூலம் திராம்பாக்சேன் என்ற பொருளைச் செய்கின்றன. அது ரத்தத்தை உறையச் செய்யும். ரத்தக் குழாயின் உட்சுவர் பெரும்பாலும் காக்ஸ்-2 மூலம் புரோஸ்டாசைக்ளினைச் செய்கிறது; அது உறையவிடாமல் தடுக்கும். இரண்டாவதை மட்டும் அடைத்தால் உறைய வைக்கும் பக்கம் ஓங்குகிறது. ஒன்று நல்ல நொதி, மற்றது கெட்ட நொதி என்று பிரித்ததே அவசரம்.

இந்த ஆபத்து புது மருந்துகளோடு நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தொகுத்து 2013-இல் வெளியான பகுப்பாய்வு, காக்சிப் வகையும் அதிக அளவு டைக்ளோஃபெனாக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டுகின்றன என்றது. பயமுறுத்தும் கணக்காகத் தெரிகிறது. மனிதர்களாக எண்ணினால், ஆயிரம் பேர் ஒரு வருடம் சாப்பிட்டால் கூடுதலாக மூன்று பேருக்கு அப்படி நேரும், அதில் ஒன்று மரணம். இதயம் ஏற்கெனவே பழுதுபட்டவர்களிடம் அந்த எண் இன்னும் உயரும். அதே பகுப்பாய்வில் நாப்ராக்சன் இதயத்துக்கு அவ்வளவு கெடுதல் செய்யவில்லை, ஆனால் வயிற்றை அதிகம் படுத்தியது. ஆக, யாருக்கு எது என்பது அவரவர் இதயமும் வயிறும் இருக்கும் நிலையைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை என்று வாங்கிப் போடுவதில் உள்ள அபாயம் இதுதான்.

இதயத்துக்காகத் தினமும் சின்ன ஆஸ்பிரின் போடுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். தட்டணுவின் காக்ஸில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. ஆஸ்பிரின் அதற்குள் போய் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புதிய நொதி செய்துகொள்ள வழியில்லை, அதன் ஆயுளான சுமார் பத்து நாளும் அது முடங்கியே கிடக்கும். ஐபுப்ரூஃபென் முந்திக்கொண்டு அந்த வழியில் உட்கார்ந்துவிட்டால் ஆஸ்பிரினுக்கு இடமில்லை. சில மணி நேரத்தில் ஐபுப்ரூஃபென் எழுந்து போய்விடும், அதற்குள் ஆஸ்பிரினும் ரத்தத்திலிருந்து போயிருக்கும். சாதாரண ஆஸ்பிரினைப் போட்டு அரைமணி நேரமாவது கழித்து ஐபுப்ரூஃபென் போட வேண்டும், அல்லது ஐபுப்ரூஃபென் போட்டு எட்டு மணி நேரம் கழித்து ஆஸ்பிரின் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2006-இல் சொன்னது. மேல்பூச்சு பூசிய ஆஸ்பிரின் மெதுவாகக் கரைவதால் அதற்கு இந்தக் கணக்கு செல்லாது. மருத்துவரைக் கேட்பதுதான் வழி.

எல்லோரும் வயிற்றைப் பற்றியே பேசுகிறோம். என் கணக்கில் அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது சிறுநீரகம். ஏனென்றால் அது வலிக்காது.

சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சு ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். நடுவில் போதிய அழுத்தம் நின்றால்தான் வடிகட்டல் நடக்கும். உடம்பில் நீர் குறையும்போது அந்த அழுத்தத்தைக் காப்பாற்ற இரண்டு ஏற்பாடுகள் உண்டு: உள்ளே வரும் குழாயைப் புரோஸ்டாகிளாண்டின் விரித்துப் பிடிக்கும், வெளியே போகும் குழாயை ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் இறுக்கும். நல்ல ஆரோக்கியமான இளைஞருக்கு இந்த ஏற்பாடு அதிகம் தேவைப்படாது. அதனால் இரண்டு நாள் மாத்திரை அவரை ஒன்றும் செய்வதில்லை.

இப்போது அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் அல்லது டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். அது வெளிக்குழாயைத் தளர்த்தும். கூடவே நீர் பிரிய ஒரு மாத்திரை. அது உடம்பின் நீரைக் குறைக்கும். முழங்காலுக்கு வேறொரு மருத்துவர் வலி மாத்திரை எழுதுகிறார். அது உள்குழாயை விரியவிடாது. தனித்தனியாக மூன்றும் சரியான மருந்துகள்தான். மூன்றும் கூடினால் முடிச்சில் அழுத்தமே நிற்காது. அப்புறம் ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் போதும், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் கிடுகிடுவென்று ஏறிவிடும். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் இருக்கும் நாளில் வலி மாத்திரையைத் தொடக் கூடாது. பிரஷர் மாத்திரையை என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கூடவே, இந்த மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தங்கவைக்கும். கணுக்கால் வீங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூச்சிரைக்கும். வலி மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், பிரஷர் ஏறியதற்குப் பிரஷர் மாத்திரையைக் கூட்டி எழுதுவார்கள்.

அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும். முழங்காலுக்கு அசிக்ளோஃபெனாக், பல்லுக்கு டைக்ளோஃபெனாக் என்று இரண்டு பெட்டி இருந்தால் அது இரண்டு வைத்தியம் இல்லை, ஒரே வகையின் இரட்டை அளவு. வலி இரட்டிப்பாகக் குறையாது. ஓர் அளவுக்கு மேல் வலி குறைவதே நின்றுவிடும், கெடுதல் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அசிக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமால் கலந்த மாத்திரைகளும் ஏராளம். பாராசிட்டமாலுக்குப் பெரியவர்களுக்கான நாள் உச்சவரம்பு 4 கிராம், பலருக்கு அதைவிடக் குறைவு. காய்ச்சல் மாத்திரையையும் மேலே சேர்த்தால் ஈரலுக்கு ஆபத்து.

நேரக் கணக்கும் மருந்துக்கு மருந்து மாறும். ஐபுப்ரூஃபென் ரத்தத்தில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். இதே வகையைச் சேர்ந்த பைராக்சிகாம் பாதியாக இரண்டு நாள் ஆகும். இப்படி உடம்பில் நீண்ட நேரம் தங்குவதால் முதியவர்களுக்குப் பைராக்சிகாம் நல்ல தேர்வு இல்லை.

முழங்காலிலோ விரல் மூட்டிலோ தேய்மானம் என்றால், டைக்ளோஃபெனாக் ஜெல்லை முதலில் முயன்று பார்ப்பது புத்திசாலித்தனம். அதைப் பலர் வெறும் தைலம்போல் நினைக்கிறார்கள். தோல் வழியாக மருந்து மூட்டுக்குப் போகிறது, ரத்தத்தில் சேர்வதோ மாத்திரையில் சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான். சொன்ன அளவை, சொன்ன தடவை, சில நாள் விடாமல் தடவினால்தான் பலன் தெரியும். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே அவ்வளவாக எட்டாது.

கருவுற்ற இருபதாவது வாரத்திலிருந்து இந்த மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஒரே மாத்திரையில் மூச்சுத்திணறல் வரும்.

முடக்குவாதம் உள்ளவர்கள் விஷயம் தனி. அங்கே வலி குறைவதும் நோய் குறைவதும் ஒன்றல்ல. வலி மாத்திரை வீக்கத்தை அடக்கும், காலை இறுக்கத்தைத் தளர்த்தும். எதிர்ப்பாற்றல் மூட்டை அரிப்பதை அது நிறுத்தாது. அதை நிறுத்த மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் வேண்டும், அவை வேலை செய்யப் பல வாரம் ஆகும். அந்த இடைவெளியைக் கடக்கத்தான் வலி மாத்திரை. ஆனால் மெதோட்ரெக்சேட்டைச் சிறுநீரகம் வெளியேற்றுவதை வலி மாத்திரைகள் தாமதப்படுத்தக்கூடும். இரண்டையும் சேர்த்து எழுதும் மருத்துவர் அளவைக் குறைவாக வைத்து, ரத்தத்தை அடிக்கடி சோதித்துக்கொண்டே இருப்பார். பல்வலிக்கென்று நாமே கடையில் வாங்கிச் சேர்த்த நாப்ராக்சன் அவருடைய கணக்கில் இருக்காது. அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்வரை காத்திருக்காமல், வாங்குவதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிட வேண்டும்.