"பையன் தூங்கீட்டுத்தானுங்க இருந்தான்"

திருப்பூர்ப் பக்கம் குழந்தை மருத்துவம் பார்க்கும் எனக்குத் திங்கட்கிழமை வயிற்றுவலி நன்றாகவே பழக்கம். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும். சில வீடுகளில் அன்றிரவே குடியும், மனைவிக்கு அடியும். திங்கள் காலை, தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று பிள்ளை வந்து நிற்கும். ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை எதிலும் குறை இருக்காது. குடிக்காதவர் வீட்டிலும் இது நடக்கிறது. தோட்டத்து வீடாக இருந்தால் சத்தம் வெளியே கேட்காது, அவ்வளவுதான்.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி ஆரம்பித்திருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே பைக் சத்தம். பேச்சை நிறுத்திக் காது கொடுத்தவன், "எங்கப்பா வண்டி இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தான். அடி விழுந்த ராத்திரி அவன் தூங்கிக்கொண்டிருந்ததாக அம்மா நம்புகிறார். அவனோ, தங்கச்சியைக் கட்டிலுக்கு அடியில் கூட்டிப்போய்க் காதைப் பொத்திவிட்டதாகச் சொன்னான்.

எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்தே இருக்கும் உடம்புக்குத் தூக்கம் வராது, பாடமும் ஏறாது. கைக்குழந்தைகூடக் கத்தலில் மிரண்டு பால் குடிக்க மறுக்கும். சில பிள்ளைகள் கை ஓங்கும். சிலது வாயே திறக்காது. அதை 'தங்கமான பிள்ளை' என்று மெச்சுவார்கள். எனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் அதிகக் கவலை. அமெரிக்காவில் 1998-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, தாய் அடிபடும் வீட்டில் வளர்வதையும் குழந்தைப் பருவப் பாதிப்புகளில் ஒன்றாகச் சேர்த்தது. அத்தகைய பாதிப்புகள் கூடக் கூட, பெரியவர்களான பின் மனச்சோர்வும் இதயநோயும் அதிகமாக இருந்ததை அது கண்டது.

"கொழந்தைக்காகப் பொறுத்துப் போ அம்முணி" என்று பெரியவர்கள் சொல்வதை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அந்தக் குழந்தையின் வயிற்றுவலிக்கு மருந்து எழுதுகிறவன் என்ற முறையில், எனக்கு அதில் உடன்பாடில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அடிபடும் பெண் அந்த வீட்டிலேயே பாதுகாப்பாக இருக்கவும், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளவும் நீதிமன்ற உத்தரவு கேட்கலாம். மாவட்டத்தில் இதற்கெனப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112.

அப்புறம், பிள்ளையிடம் சொல்ல வேண்டியது: இந்தச் சண்டை உன்னால் வந்ததில்லை, நடுவில் புகுந்து தடுக்கவும் வேண்டாம். எந்த வீட்டுக்கு ஓட வேண்டும், யாருக்குப் போன் போட வேண்டும் என்பதை, வீடு அமைதியாக இருக்கும் பகல் நேரத்திலேயே சொல்லிவையுங்கள்.