கடற்கரைப் பூங்காவுக்கு ஏற்காட்டுப் பூ எதற்கு?

சேலத்தில் ஏற்காடு ரோட்டில் எங்கள் நர்சரி. செடி வாங்க வருகிறவர்களோடு, "எங்க ஊர்ல ஒரு பூங்கா போடணும், வந்து பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டு வருகிறவர்களும் இப்போது நிறைய. அவர்களில் கடற்கரை ஊர்க்காரர்களும் உண்டு. மே மாதம் கோடை விழா மலர்க் கண்காட்சிக்கு வருவார்கள். அண்ணா பூங்காவில் படம் எடுத்துக்கொண்டு மலையிறங்கும்போது எங்கள் போர்டைப் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். போனை நீட்டி, "இதே மாதிரி எங்க கடற்கரையில செஞ்சு குடுங்க" என்பார்கள்.

கடலூர்ப் பக்கம் ஒரு மீனவ ஊரிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்தார்கள். கடலைப் பார்த்தாற்போல ஒரு ஏக்கர் பொது இடம். நானும் ஒப்புக்கொண்டேன். அங்கே நான் செய்த தவறையும் அதிலிருந்து கற்றதையும்தான் இங்கே எழுதுகிறேன். கடற்கரையில் பொதுப்பணத்தில் பூங்கா போடும் ஊர்கள் கூடிக்கொண்டே போகின்றன. அதே தவறு அங்கேயும் நடப்பதைப் போகிற இடமெல்லாம் பார்க்கிறேன்.

ஒரு லாரி நிறைய ரோஜா, சால்வியா, டேலியா. ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகக் கொண்டுபோய் பிப்ரவரியில் நட்டோம். இடத்தை ஜேசிபி வைத்து மட்டப்படுத்தி, செம்மண்ணும் தொழுவுரமும் கொட்டிப் பாத்தி கட்டினோம். திறப்பு விழா அன்று எல்லோருக்கும் பிடித்திருந்தது. மூன்று வாரம் கழித்துப் போனால் பாத்தி முழுக்கக் கருகல்.

உட்கார்ந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். நோய் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். தண்ணீர்க் குறை என்றால் செடி முழுவதும் வாடும். இங்கே ஒரே செடியில் கடலைப் பார்த்த பக்கம் இலை விளிம்பெல்லாம் தீய்ந்து பழுப்பாக இருந்தது. ஊரைப் பார்த்த பக்கம் பச்சை. ஓர் இலையைத் தடவி விரலை நாக்கில் வைத்தேன். கரித்தது.

கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் பொடித்துளிகளைக் காற்று தூக்கி வருகிறது. துளி காய்ந்ததும் உப்பு இலையில் தங்குகிறது. அது இலைக்குள் இறங்கி, விளிம்பில் சேர்ந்து, அங்கிருக்கும் ஈரத்தை இழுத்துவிடுகிறது. மழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும். மாசியிலிருந்து மழைக்கு எங்கே போவது? மதியம் ஆனால் கடற்காற்று. தினமும் உப்பு. மண்ணை மாற்றினேனே தவிர, காற்றைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு மீனவ அம்மா ஒருவர் வந்து நின்றார். வலை காயப்போட இடமில்லாமல் செய்துவிட்டோம் என்று ஏற்கெனவே கோபமாக இருந்தவர்.

"பூச்செடி போனாப் போகுது தம்பி. அந்த அடப்பங்கொடிய ஏன் வாரிப் போட்டீங்க? அது இல்லாம மணலு பூரா வீட்டுக்குள்ள வருது. சோத்துல மண்ணு."

அடப்பங்கொடி என்று அவர் சொன்னதுதான் அடும்பு. சங்கப் பாட்டில் மானின் குளம்புக்கு உவமை சொல்லும் அளவுக்கு, நடுவில் பிளந்த இலை. ஆட்டுக்கால் கொடி என்றும் சொல்வார்கள். இடத்தைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று முதல் நாளே ஜேசிபியில் வாரிக் குவித்தது அதைத்தான். மணல்மேட்டோடு சேர்த்து.

அப்புறம் இரண்டு நாள் அங்கேயே தங்கி, நாங்கள் கை வைக்காத பக்கத்துக் கரையைச் சுற்றினேன். காலை ஆறரை மணிக்கு மேட்டுச் சரிவு முழுக்க அடும்பு பூத்திருந்தது. ஊதா கலந்த இளஞ்சிவப்பு, புனல் மாதிரி, ஒவ்வொன்றும் உள்ளங்கையில் பாதி. பூவின் தொண்டைக்குள் நிறம் இன்னும் அடர்த்தி. தேனீ ஒன்று தலைகீழாக உள்ளே போய் மகரந்தத்தோடு வெளியே வந்தது. கொடியைத் தூக்கிப் பார்த்தால் கணுவுக்குக் கணு வேர். ஒரு கொடி மணலில் புதைந்தால் புதைந்த இடத்தில் வேர் விட்டு மேலே வருகிறது. மணல் ஏற ஏற அதுவும் ஏறும். அந்த மேடு அப்படித்தான் உருவாகியிருக்கிறது. பக்கத்தில் இராவணன் மீசைப் புல், குத்துக் குத்தாக. அது காற்றின் வேகத்தைக் குறைத்து மணலை விழவைக்கிறது, அடும்பு விழுந்த மணலைப் பிடித்துக்கொள்கிறது. இவ்வளவு வேலையும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் நடக்கிறது.

நாங்கள் லாரியில் பூ கொண்டுபோய் இறக்கிய இடத்தில் பூ ஏற்கெனவே இருந்திருக்கிறது. கடற்கரைப் பூங்கா போடும் எவருக்கும் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றுதான்: அங்கே எது தானாகப் பூக்கிறது என்று பார்க்காமல் ஒரு கோடுகூடப் போடாதீர்கள்.

இரண்டாம் முறை வரைபடத்தைக் காற்றிலிருந்து தொடங்கினோம். அலைப்பக்கம் மிச்சமிருந்த மேட்டைத் தொடவே இல்லை. இடித்த பகுதியில் ஐப்பசி மழையில் அடும்புக் கொடியைக் கணுவோடு நறுக்கி, பாதி மணலில் புதைத்து விட்டோம். அதற்குப் பின்னால் எருக்கு, நொச்சி, தாழை. அதற்கும் பின்னால் பூவரசு, புன்னை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் கூரைச் சரிவு மாதிரி கடலிலிருந்து ஊரைப் பார்த்து ஏற வேண்டும். காற்று அந்தச் சரிவில் ஏறித் தலைக்கு மேலே போய்விடும். நல்ல காற்றுத்தடுப்பு வரிசை ஒன்று தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 10 மடங்கு தூரத்துக்குக் காற்றைத் தணிக்கும். அந்தக் காற்று மறைவில்தான் உட்காரும் இடமும் பிள்ளைகள் விளையாடும் இடமும் வர வேண்டும்.

ஊர்க் கமிட்டியில் சிலர் சுற்றுச்சுவர் கேட்டார்கள். கடல் பக்கம் சுவர் கூடாது. காற்று சுவரில் முட்டி மேலே ஏறி, பின்பக்கம் சுழன்று விழும். சுவருக்குப் பின்னால் இருக்கும் செடிதான் அதிகம் அடிபடும். செடி வேலியென்றால் பாதிக் காற்று உள்ளே புகுந்து வேகம் செத்துப் போகும்.

தாழையைப் பற்றி அங்கே ஒரு விஷயம் கற்றேன். தாழையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நாம் தலையில் வைக்கும் மணமான தாழம்பூ ஆண் செடியில் வருவது. நர்சரியில் கன்றைப் பார்த்து எது ஆண் என்று சொல்ல முடியாது. அதனால் பூத்த தூரிலிருந்து பக்கக் கன்று எடுக்க வேண்டும். எந்தத் தூர் பூக்கும் என்று அந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களே காட்டினார்கள், அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். இந்த அறிவுக்கு எந்த எஸ்டிமேட்டிலும் தனி வரி கிடையாது. இருக்க வேண்டும், கூலியோடு.

பூவின் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பூங்காவுக்குக் கூட்டம் வருவது மாலை ஐந்து மணிக்கு மேல். அடும்பு காலையில் மலர்ந்து வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். அதனால் காலை நடைக்கு வருகிறவர்களின் பாதையை மேட்டை ஒட்டிப் போட்டோம். பூவரசு காலையில் மஞ்சளாகப் பூத்து, மாலையில் சிவந்து வாடும். அதை மாலையில் ஆட்கள் உட்காரும் பக்கம் வைத்தோம், ஒரே மரத்தில் இரண்டு நிறமும் பார்க்கலாம். காற்று தணிந்த பின்பக்கம் மகிழம். மகிழம்பூ உதிர்ந்து காய்ந்தாலும் மணக்கும், பிள்ளைகள் பொறுக்கிக் கோப்பார்கள். மழைநீர் தேங்கும் பள்ளம் ஒன்றைக் குளமாக்கினால் பகலுக்கு நெய்தல், இரவுக்கு வெள்ளாம்பல். இந்த இரண்டுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும், உப்புநீர் ஆகாது.

புன்னைக்குத்தான் பொறுமை வேண்டும். மெதுவாக வளரும். மயிலை கபாலீசுவரர் கோயிலின் தலமரம் அது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து, பக்கத்தில் போனாலே மணக்கும். அதன் விதை எண்ணெயில் ஒரு காலத்தில் விளக்கெரித்தார்கள். விதையை ஓட்டோடு போட்டால் முளைக்க நாளாகும், ஓட்டை உடைத்துப் பருப்பை நட்டால் சீக்கிரம் வரும். சேலத்தில் நிழல்வலைக்குள் வளர்த்த கன்றைக் கொண்டுபோய் நேரே கடற்கரையில் வைத்தால் ஏங்கிவிடும். அதனால் நாற்றங்காலையே அந்த ஊரில் போட்டோம். எங்களுக்கு அதில் வியாபாரம் குறைந்தது உண்மைதான், செடி பிழைத்தது.

சவுக்கைப் பற்றிக் கேட்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் எங்கும் சவுக்கு நட்டார்கள். சீக்கிரம் வளரும், காற்றைத் தடுக்கும், எல்லாம் சரி. ஆனால் அதன் சருகு மெத்தை மாதிரி விழுந்து கீழே எதையும் முளைக்க விடாது. பூங்காவில், அதுவும் மணல்மேட்டின் மேல், அது வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

தண்ணீரில் நாங்கள் செய்த தவறுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. முதல் தடவை ரோஜாவைக் காப்பாற்ற ஆழ்துளைக் கிணறு போட்டு இரண்டு வேளை மோட்டார் ஓட்டினோம். முதலில் நல்ல தண்ணீர். சில வாரத்தில், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் எண் ஏறத் தொடங்கியது. மணல் கரையின் அடியில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, பாலின் மேல் ஆடை மாதிரி. உப்புநீரின் எடை அதிகம் என்பதால் இந்த மிதப்பு. கணக்குப்படி, நல்ல நீரின் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் உப்புநீர் எல்லை ஏறத்தாழ 40 மீட்டர் மேலே வர இடம் உண்டு. நாம் உறிஞ்சுவது மேலே இருக்கும் அந்த ஆடையை. அந்த ஊரார் கையால் மணலைத் தோண்டிக் குடத்தில் மொள்ளும் ஊற்றும் அதே தண்ணீர்தான். இப்படி உறிஞ்சினால் ஒரு பொதுப் பூங்கா ஊரின் குடிநீரைக் கெடுத்துவிடும். மோட்டாரை நிறுத்தினோம். இப்போது கன்றுகளுக்கு முதல் இரண்டு கோடை மட்டும் குடத்துத் தண்ணீர், ஈரம் காயாமல் வேரடியில் சருகு மூடாக்கு. புல்தரை கிடையாது. புல்தரை கேட்கும் கமிட்டிகளுக்கு முதலில் ஊற்றைக் காட்டச் சொல்கிறேன்.

விளக்கும் அப்படித்தான். கடற்கரை என்றதும் உயரமான கம்பத்தில் எரியும் ஹைமாஸ்ட் விளக்கு கேட்பார்கள். பங்குனி ஆமை தையிலிருந்து பங்குனி வரை நம் கிழக்குக் கரையில் ஏறி முட்டையிடுகிறது, ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டை. ஒன்றரை, இரண்டு மாதத்தில் இரவில் குஞ்சு வெளியே வரும். வெளிச்சம் அதிகமாகத் தெரியும் பக்கம் கடல் என்று நம்பி ஓடும். ஹைமாஸ்ட் எரிந்தால் ஊருக்குள் ஓடிவந்து, நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும். முழங்கால் உயரத்தில், மேலே மூடி போட்ட ஆரஞ்சு விளக்கு, அதுவும் ஊர்ப் பக்கம் மட்டும் போதும். அந்த மாதங்களில் இரவு ஒன்பதுக்கு மேல் அதையும் அணைத்துவிடலாம்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணல்மேடுகளும் ஆமை முட்டையிடும் இடங்களும் உச்சப் பாதுகாப்பு வகையில் வருகின்றன. மேட்டை மட்டப்படுத்தச் சொல்லும் எஸ்டிமேட்டை யார் கொடுத்தாலும் கையெழுத்துக்கு முன் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் அனுமதியைக் கேளுங்கள்.

கடலே இல்லாத சேலத்துக்காரர்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கடற்கரைக்குச் செடி போவது எங்களைப் போன்ற நர்சரிகளிலிருந்து. அதோடு, ஆத்தூர்ப் பக்கம் ஓடும் வசிஷ்ட நதி ஸ்வேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில்தான் கடலில் கலக்கிறது. அங்கே கழிமுகத்தில் நீலப் பூ பூக்கும் கழிமுள்ளி நிற்பது நம் மலைத் தண்ணீரும் கலந்த சேற்றில்.

மலையிலும் இதே கதைதான். கண்காட்சியில் அடுக்கும் டேலியாவின் பூர்வீகம் மெக்சிகோ, சிவப்புச் சால்வியா பிரேசில், ஜெர்பெரா தென்னாப்பிரிக்கா. காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏறும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா. சேர்வராயன் மலையின் சொந்தப் பூ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி. மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிடுகளைப் பார்க்க இந்தியத் தாவரவியல் அளவாய்வு மையத்தின் தோட்டம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. கண்காட்சிக்கு வரும் கூட்டத்தில் எத்தனை பேர் அங்கே போகிறார்கள்? அடுத்த முறை மலையேறும்போது பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப்போங்கள்.

அந்தக் கடற்கரைப் பூங்காவுக்கு இப்போதும் ஆண்டுக்கு இரண்டு முறை போய் வருகிறேன். வலை காயப்போடத் தனி இடம் விட்டிருக்கிறோம், படகு இறக்க வழியும். இடித்த மேட்டின் பாதியை அடும்பு மூடிவிட்டது. புன்னை தோள் உயரம். அந்த அம்மா வீட்டு வாசலில் மணல் முன்போல ஏறுவதில்லை.

அடும்புக் கொடி விற்பீர்களா என்று போனில் கேட்கிறார்கள். எங்களிடம் இல்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் உங்கள் ஊர்க் கரையிலேயே முழ நீளம் நறுக்கிக்கொள்ளுங்கள், மூன்று கணுவாவது இருக்கட்டும்.